மூடி மறைப்பது பாதுகாப்பு ஆகாது

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் 2022 நவம்பர் 23-ஆம் தேதி முடங்கின. பல நாள்கள் நோயாளிகளின் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை அனைத்தும் கையால் எழுதப்பட்டன. ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன என்றும், வலைப்பின்னல் முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே காரணம் என்றும் மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்ததே அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான். நாட்டின் முதன்மை மருத்துவமனையின் நிலை அப்போதே இப்படி!

மோசடிக் கடிதத்தை அதன் பிழைகளைக் கொண்டே அடையாளம் கண்ட காலம் இப்போது போய்விட்டது. பல மொழிகளில் பெரும்பாலும் பிழையின்றி எழுதவும், சிறிய பதிவிலிருந்து ஒருவரது குரலை நகலெடுக்கவும் செயற்கை நுண்ணறிவால் முடிகிறது. ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், காணொலிக் கூட்டத்தில் தோன்றிய மேலதிகாரிகளை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிய செய்தி 2024-இல் வெளியானது. அந்த முகங்கள் அனைத்தும் போலி.

இணையவழி மோசடிகளில் 2024-இல் இந்தியர்கள் இழந்தது சுமார் ரூ.22,845 கோடி என்பது உள்துறை அமைச்சகம் மக்களவையில் தந்த கணக்கு. இத்தனைக்கும் செயற்கை நுண்ணறிவைக் காரணம் காட்டிவிட முடியாது. "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவதற்கு ஒரு தொலைபேசியும் துணிச்சலுமே போதும்.

தற்காப்புக்கும் அதே நுட்பம் உதவுகிறது. ரிசர்வ் வங்கியின் கண்டுபிடிப்பு மையம் உருவாக்கிய "மியூல்ஹண்டர்", மோசடிப் பணம் கைமாறும் கணக்குகளைக் கண்டறிகிறது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் இத்தகைய கருவிகள் பழைய திருட்டுகளைப் படித்தே புதிய திருட்டை அடையாளம் காண்கின்றன. அவை படிக்கப் பாடம் வேண்டாமா?

தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் "செர்ட்-இன்" அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவிடப்பட்டது. அந்த அமைப்பையே 2023 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து மத்திய அரசு விலக்கியது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் மட்டுமே விதிவிலக்கு. பொதுவான எச்சரிக்கைகளை செர்ட்-இன் வெளியிடுகிறது என்பது உண்மை. எந்த அரசு நிறுவனம் எப்படித் தாக்கப்பட்டது, அதற்கு யார் பொறுப்பு என்று அதனிடம் கேட்கும் உரிமைதான் குடிமக்களிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது.

ஓட்டையை அடைக்கும் முன் ஊருக்குச் சொல்லக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அடைத்த பின்னும் எதற்காக ரகசியம்? அரசு நிறுவனங்கள் மீதான ஒவ்வொரு தாக்குதல் பற்றியும் ஆறு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கப்பட வேண்டும். எய்ம்ஸ் விசாரணையின் முழு விவரத்திலிருந்து அதைத் தொடங்கலாம்.