பெயர் தெரியாத சீமாட்டி

போன வாரம் நிகழ்ச்சியில் பழைய குடும்பப் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நேயர் அழைத்தார். "பாட்டி கல்யாணப் படத்துல பக்கத்துல ஒரு அம்மா நிக்கிறாங்க தம்பி. யாருன்னு சொல்ல இப்போ வீட்ல ஆள் இல்ல. சின்னப் பாட்டியா இருக்கும்னு நெனச்சு, படத்துக்குப் பின்னாடி பேனாவுல எழுதிட்டேன். சரிதானே?"

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீடு திரும்பும்போதுதான் எட்டாம் ஹென்றியின் அரண்மனைப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த மன்னரின் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன், ஜெர்மனியில் பிறந்தவர். அரசவை மனிதர்களை அவர் வரைந்த கோட்டோவியங்களில் ஏறக்குறைய 80, இன்று வின்ட்சர் கோட்டையில் உள்ளன. வண்ண ஓவியம் தீட்டும்போது உதவட்டும் என்று, சிலவற்றில் துணியின் வகையையும் நிறத்தையும் ஓரமாகக் குறித்து வைத்தார். வெல்வெட்டுக்குக் குறிப்பு உண்டு. உடுத்தியிருந்தவர் யார் என்பதற்குப் பல படங்களில் அவர் கைப்பட ஒரு சொல்லும் இல்லை.

1543இல் ஹோல்பைன் இறந்தார். அடுத்த ஆண்டுதான் இளவரசர் எட்வர்டின் ஆசிரியராக ஜான் செக் அரண்மனைக்கு வந்தார். படங்களுக்குப் பெயர் சொன்னவர் அவர்தான் என்று 1590ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று கூறுகிறது. வின்ட்சரில் 'ஆன் போலின்' என்ற பெயரோடு ஒரு படம் இருக்கிறது. அந்த அரசியின் தலை வெட்டப்பட்டது 1536இல். செக் அரண்மனைக்கு வருவதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பு! படத்தில் இருப்பது அவர்தானா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

1792 முதல் இந்தப் படங்கள் அச்சில் வந்தன. பார்த்தலோசி என்ற இத்தாலியக் கலைஞர், செப்புத் தகட்டில் நுண்ணிய புள்ளிகளாகக் குத்திக் குத்தி அந்த முகங்களைச் செதுக்கினார். அரண்மனைப் பெட்டிக்குள் கிடந்த முகங்கள் ஊரெல்லாம் போயின. கீழே அச்சிட்ட பெயர்களும் கூடவே போயின. சரியான பெயரும் போனது, ஊகமும் போனது. அச்சில் வந்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியும்?

ஆனால் சில படங்களின் கீழே 'பெயர் தெரியாத சீமாட்டி' என்று மட்டும் போட்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். பெயர் இல்லாததால்தான் இன்றும் அந்த முகத்தைப் பார்ப்பவர்கள், "யார் இவர்?" என்று கேட்கிறார்கள். தவறான பெயர் ஒட்டியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அந்தப் பெண் இரண்டாவது முறையும் தொலைந்திருப்பார்.

அழைத்த அக்காவுக்கு இப்போது சொல்கிறேன்: நீங்கள் எழுதிய பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துத் தேடத் தொடங்கலாம். தோட்டத்தில் பாட்டியோடு பால் மரம் வெட்டிய தோழியாகக்கூட அவர் இருக்கலாம் இல்லையா?

மற்றவர்களுக்கு ஒரு வேலை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ ஆல்பத்தைக் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியில் இருக்கும் ஆயிரம் படங்களுக்கும் இதே கதைதான்; அதில் யாருக்குமே பின்பக்கம் இல்லை.