நாக்கை அளந்து வேலை தராதீர்கள்

வேலை தேடும் மும்பைத் தாராவிப் பிள்ளைகளுக்கு வீட்டில் இரண்டு யோசனை கிடைக்கும். ஒன்று: “பயோடேட்டாவில் தாராவி என்று போடாதே, பக்கத்திலுள்ள சயான் என்று போடு.” மற்றது: “இங்கிலீஷ் மட்டும் சரளமாக வந்துவிட்டால் போதும், திறமை உள்ளவனை இன்டர்வியூவில் யாரும் தடுக்க முடியாது.” முதலாவது பட்டறிந்து சொன்னது. இரண்டாவது ஊரே நம்பும் பொய்.

ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒப்பிட்ட விண்ணப்பங்களில் தகுதி ஒன்றேதான், பெயர் மட்டும் வேறு. 2007இல் வெளியான முடிவின்படி, மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இங்கே யாரும் வாயைத் திறக்கவே இல்லை. ஆங்கிலம் எப்படிக் காப்பாற்றும்?

உள்ளே போனவர் கதையும் அதுதான். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், தில்லி வட்டாரத்து மனிதவள மேலாளர்கள் தகுதி ஒன்றே அளவுகோல் என்றார்கள். குடும்பப் பின்னணியையும் கேட்போம் என்றார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டு எந்தத் திறமையை எடைபோடுகிறார்கள்? அதுபோலவே, வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அக்கம்பக்கத்தில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்த பெண்ணுக்கு “கம்யூனிகேஷன் போதாது” என்று சொல்லி அனுப்புவது அநியாயம்.

மும்பையின் மாட்டுங்காவில் குடியேறிய அந்நாளைய தமிழர்கள் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக் கம்பெனிகளில் நுழைந்தார்கள். பள்ளிப் படிப்பும் சாதியும் அவர்களில் பலருக்குக் கைகொடுத்தன, மறுக்கவில்லை. ஆனாலும் நிமிடத்துக்கு எத்தனை சொல், எத்தனை பிழை என்பதைத் தாளே காட்டியது. அந்த அளவுகோலைத்தான் தாராவிக்கும் கேட்கிறேன்.

நேர்காணல் இல்லாமல் ஆளெடுக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு செய்தி: 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு குரூப் சி பணிகளுக்கும் கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணலை நீக்கிவிட்டது.

தாராவியை ஒட்டியே பாந்திரா–குர்லா வளாகத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே ஆளெடுப்பவர்கள் முதல் சுற்றில் பெயரையும் முகவரியையும் மறைக்கட்டும். கணக்கு எழுதும் வேலைக்கு வருபவரிடம் ஒரு நாள் வரவுசெலவைக் கொடுத்து எழுதச் சொல்லட்டும். அதன்பிறகும் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் எல்லோரிடமும் ஒரே கேள்விகள். அவற்றில் அப்பாவின் தொழில் வேண்டாம்.