மணி கிடைத்தது, கலம் எங்கே?

நியூசிலாந்து நாட்டின் தலைநகராகிய வெல்லிங்டனில், தே பாப்பா அருங்காட்சியகத்தில், உடைந்த வெண்கல மணியொன்று காக்கப்பெற்று வருகின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார் 1836ஆம் ஆண்டளவில் அதனைக் கண்டபோது, மவோரி இனப் பெண்கள் அதனைக் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தி வந்தனர். மணியின் விளிம்பைச் சுற்றிப் பொறிக்கப்பெற்றிருப்பன தமிழ் எழுத்துகள். மொகைதீன் பக்சு என்பாரது கப்பலுக்குரிய மணி என்பது அவற்றின் பொருள்.

தமிழ் முஸ்லிம் ஒருவரின் கப்பல் மணி அத்துணைத் தொலைவில் கிடைத்தது குறித்து நாம் பெருமை கொள்கின்றோம், மேடைதோறும் பேசுகின்றோம். ஆயின், அம்மணி தொங்கிய மரச்சட்டம் எவ்வாறு இருந்தது? அச்சட்டம் மேல்தளத்தில் எங்கு நின்றது? அதனருகே என்னென்ன கருவிகள் இருந்தன? இவற்றுக்கு விடை கூற நம்மிடம் ஒன்றுமில்லை. வள்ளல் சீதக்காதியின் கொடையைத் தமிழுலகம் அறியும். அக்கொடைக்குப் பொருள் ஈட்டித் தந்த கலங்களின் மேல்தளத்தை அறிவார் யாருளர்?

இக்குறையை ஓரளவேனும் போக்க ஒரு வழியுண்டு. பாய்மரத் தோணியொன்றின் அளவு பிசகாத மர மாதிரியை, மேல்தளக் கருவிகள் அனைத்துடனும் நம் கல்லூரிகள் செய்து வைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

கப்பல் மாதிரிகள் நமக்குப் புதியன அல்ல. கேரளத்துப் பேப்பூரில் உரு என்னும் மரக்கலத்தின் சிற்றுருவங்கள் நினைவுப் பொருள்களாக விற்கப்படுகின்றன. அவை கண்ணுக்கு இனியவை. எனினும், உடலும் பாய்மரமும் மட்டும் கொண்ட மாதிரி, கலத்தின் வடிவத்தைக் காட்டுமேயன்றி அதில் உழைத்த மனிதரைக் காட்டாது. உழைப்பு நடந்த இடம் மேல்தளம். நங்கூரத்தைத் தூக்கும் உருளை, கயிறு ஓடும் கப்பி, கயிற்றைச் சுற்றிக் கட்டும் முளை, சரக்கறையின் வாய், மணிச்சட்டம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தொழிலைச் சொல்லும். சரக்கறை வாயைச் சுற்றி விளிம்பு உயர்த்தப்பட்டிருப்பதைக் காணும் மாணவர், தளத்தின்மேல் ஏறிய கடல்நீர் உள்ளே இறங்காது தடுக்கவே அது அமைந்தது என்பதை எளிதில் உணர்வர்.

இப்பணி பொறுமையை வேண்டுவது, ஆயின் இயலாததன்று. 24இல் ஒரு பங்கு என்னும் அளவை மேற்கொண்டால் 60 அடித் தோணி இரண்டரை அடியாகும். நூலகக் கண்ணாடிப் பேழையில் அடங்கிவிடும். ஓரடி அரை அங்குலமாகும். எட்டு அங்குலக் கப்பி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்காகும். அத்தகைய கப்பிகளைத் தனித்தனியே செதுக்குதல் வீண் முயற்சி. ஒரே நீளமான மரச்சட்டத்தில் பள்ளம் கீறி, வரிசையாகத் துளையிட்டு, பின்னர் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து உப்புத்தாளால் முனை மழுக்குவதே முறை. மரத்தேர்விலும் கருத்து வேண்டும். தேக்கு கலத்துக்கு உகந்தது. ஆயின் அதன் இழையும் துளைகளும் சிறு கருவிகளுக்குப் பெரியனவாகத் தோன்றும். மரத்தைச் சிறிதாக்கலாம், அதன் இழையைச் சிறிதாக்க இயலாது. மஞ்சள் கடம்பு போன்ற நுண்ணிழை மரமே ஏற்றது. ஐந்தரை அடி மாலுமி இவ்வளவில் இரண்டேமுக்கால் அங்குலம் இருப்பார். அவ்வுயரத்தில் ஒரு குச்சியைத் தளத்தில் நிறுத்திப் பார்த்தாலே, செய்த கருவி மனிதர் கைக்கு எட்டுமா, எட்டாதா என்பது விளங்கிவிடும்.

தமிழ்த்துறைக்கு உளியும் அரமும் எதற்கு எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் விடை இது: கருவி மறையுமிடத்து அதன் பெயரும் மறைகின்றது. மாலுமி என்னும் சொல், ஆசிரியர் எனப் பொருள்படும் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. சுக்கானும் அரபு மொழி தந்ததே. நங்கூரம் பாரசீகத் தொடர்புடையது. கப்பியும் பாய்மரமும் நம் தாய்மொழிச் சொற்கள். அரபும் பாரசீகமும் தமிழும் ஒரே தளத்தில் தோளோடு தோள் நின்று கயிறு இழுத்த வரலாற்றுக்கு இதனினும் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்? பருமல், ஆலாத்து என்னும் சொற்களுக்கு அகராதி பொருள் கூறும். ஆலாத்து எங்கே கட்டப்பட்டது, பருமலை உயர்த்த எத்தனை பேர் எப்பக்கம் நின்று இழுத்தனர் என்பதை அது காட்டாது. மாதிரி காட்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் பாய்த்தோணி ஓட்டிய முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களைத் தேடிச் சென்று கேட்டறிய வேண்டியவர்கள் நம் மாணவர்கள். தமிழ்த்துறை சொற்களைத் தொகுக்கட்டும். வரலாற்றுத்துறை பழம் படங்களைத் திரட்டட்டும். கணிதத்துறை அளவுகளை வகுக்கட்டும். ஊர்த் தச்சர் ஒருவர் ஆசானாக அமரட்டும். செல்வர்கள் மரமும் கருவியும் வாங்கித் தரட்டும். ஆண்டுக்கொரு கருவி செய்து முடிப்பினும் குற்றமில்லை. ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயரும் பயனும் எழுதி வைத்தல் வேண்டும்.

கடல் கடந்து சென்ற மணியைப் பிற நாட்டார் காத்துத் தந்துள்ளனர். அதனைத் தாங்கிய கலத்தைப் பற்றிய அறிவையேனும் காப்பது நம் கடமையன்றோ? அறிந்தவர் வாழும் காலத்திலேயே அப்பணியைத் தொடங்குவோமாக. வல்ல இறைவன் துணை நிற்பானாக.