கூலியில்லாப் பயிற்சி யாருக்கு லாபம்?



பிள்ளை பல்கலைக்கழகத்தில் கால் வைத்துவிட்டான், இனிக் கவலையில்லை என்று பால்மரக் காட்டிலும் தேயிலை மலையிலும் எத்தனையோ பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதியைக் குலைக்க நமக்கு விருப்பமில்லை. ஆனால் உண்மையை மறைப்பது துரோகமாகும். பல்கலைக்கழக வாசலுக்கு அப்பால் இன்னொரு வாசல் இருக்கிறது. அதற்குத் தொழிற்பயிற்சி என்று பெயர். அந்த வாசலில்தான் வசதியுள்ளவன் பிள்ளை உள்ளே போகிறான். நம் பிள்ளை வெளியே நிற்கிறான்.

தொழிற்பயிற்சி என்பது என்ன? பட்டப்படிப்பு முடியும் தறுவாயில் மாணவன் ஒரு கம்பெனியிலோ தொழிற்சாலையிலோ அரசாங்க அலுவலகத்திலோ சில மாதங்கள் வேலை பழக வேண்டும். பல படிப்புகளில் இது கட்டாயம். இதை முடிக்காதவனுக்குப் பட்டம் இல்லை. புதிதாகக் கத்தி பிடிப்பவன் பழைய ஆளோடு நின்று பட்டையின் ஆழம் பழகுகிறான் அல்லவா? அதைப் போன்றதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழகுகிறவன் வெட்டிய பாலைத் தோட்டம் கீழே கொட்டிவிடுவதில்லை, நிறுத்து எடுத்துக்கொள்கிறது. அப்படியே பயிற்சி மாணவன் எழுதிய கணக்கையும், செய்த சோதனையையும், வரைந்த படத்தையும் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. கூலி என்று கேட்டால் மட்டும், "நாங்கள் கற்றுக்கொடுக்கிறோமே, அது போதாதா?" என்று பலர் திருப்பிக் கேட்கிறார்கள்.

பகாங்கிலுள்ள கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். போ தேயிலைத் தோட்டம் 1929-லும், பாரத் தேயிலை 1933-லும் தொடங்கப்பட்டன. அந்த மலைச்சரிவுகளைத் தேயிலைக் காடாக்கியதில் தமிழன் சிந்திய வியர்வையை எவரும் மறுக்க முடியாது. இன்று அங்கே கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பகுதியினர் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். நம்மவர் பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போக முயல்கிறார்கள். அது நல்லதே. ஆனால் எங்கே போவது என்று காட்டுவார் யார்?

கேமரன் மலையில் பல்கலைக்கழகம் கிடையாது. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கவே சுமார் 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போக வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு மாமா வக்கீல். பக்கத்து வீட்டுக்காரர் பேங்க் மேனேஜர். அப்பாவின் நண்பர் இஞ்சினியர். ஒரு டெலிபோனில் அவன் பயிற்சி இடம் தயாராகிவிடுகிறது. ரிங்லெட் லயத்துப் பெண்ணின் தகப்பனாருக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் மண்டோரும் கிராணியும்தான். எந்தப் பாடம் எந்த வேலைக்கு வழி, விண்ணப்பம் எப்போது போட வேண்டும், நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று சொல்ல அவளுக்கு ஆளில்லை. அவளுக்குப் புத்தியில் குறைவில்லை. கைதூக்கிவிட ஆள்தான் இல்லை!

இடம் கிடைத்தாலும் தொல்லை தீரவில்லை. கோலாலம்பூரில் மாதக்கணக்கில் அறை வாடகை, ரயில் காசு, சாப்பாடு எல்லாம் யார் கொடுப்பது? படிப்புக்கு வாங்கிய கடன் ஏற்கெனவே தலைமேல் இருக்கிறது. ஆகவே நல்ல கம்பெனியை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கடையில் ரசீது எழுதி, முத்திரை வாங்கிக்கொள்ளும் நிலைக்கு அவள் தள்ளப்படுகிறாள். பிறகு வேலை கேட்டுப் போனால், "உனக்கு அனுபவம் எங்கே?" என்கிறார்கள். இது என்ன நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது? 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பயிற்சி மாணவன் தொழிலாளியாகக் கணக்கில் வராததால் அந்தச் சட்டம் அவனைக் காப்பதில்லை. மத்திய அரசாங்க அலுவலகங்களில் பயிற்சி பெறுவோருக்கு மாதம் 900 வெள்ளி படி தர 2019-ல் அமைச்சரவை இணங்கியது. தனியார் கம்பெனிகளுக்கோ 2012 முதல் ஒரு சலுகை கொடுக்கப்பட்டு, பலமுறை நீட்டிக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில் மாணவருக்குச் செலவிடும் பணத்தை வரிக் கணக்கில் இருமடங்காகக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஆரம்பத்தில் கேட்கப்பட்ட படி மாதம் 500 வெள்ளி. இன்றைய குறைந்தபட்சச் சம்பளத்தில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! வரிச் சலுகை கைக்கு எட்டும்போதும் வெறுங்கையோடு மாணவனை அனுப்பும் முதலாளியை என்னவென்று சொல்வது?

பிற நாடுகள் உறங்கவில்லை. பிரான்சில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் பயிற்சிக்குப் படி கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அமெரிக்க ஜனாதிபதி மாளிகையே 2022-ல் பயிற்சியாளருக்குப் படி கொடுக்கத் தொடங்கியது. வசதியற்ற பிள்ளைகளும் அங்கே நுழைய வேண்டும் என்பதே காரணம்.

நாம் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் பகுதி அமைந்த காலத்தில், அதன் தமிழ் நூலகத்துக்காக 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். அன்று பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கை நம் கை. அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளை இன்று பல்கலைக்கழகத்தில் வழி தெரியாமல் நிற்கலாமா?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: எந்தக் கம்பெனியும் கூலியில்லாமல் பயிற்சி மாணவனை வைத்துக்கொள்ளக் கூடாது. இதற்குச் சட்டம் வேண்டும்.

இரண்டு: தேயிலைக் கம்பெனிகள் தங்கள் தொழிற்சாலையிலும், கணக்கு அலுவலகத்திலும், மண் சோதனையிலும், ஏற்றுமதிப் பகுதியிலும், சுற்றுப்பயணிகள் வந்து தேநீர் அருந்தும் நிலையங்களிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென ஆண்டுதோறும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும். பாட்டி கொழுந்து பறித்த தோட்டத்தில் பேத்தி ரசாயனம் பழகட்டும்!

மூன்று: பல்கலைக்கழக வேலை வழிகாட்டி அதிகாரிகள் நகரத்து மண்டபங்களில் கண்காட்சி நடத்துவதோடு நில்லாமல், மலையேறி வந்து பெற்றோரிடமும் பேச வேண்டும்.

நான்கு: நமக்கும் கடமை உண்டு. "எங்கள் காலத்தில் யார் வழிகாட்டினார்கள்?" என்று பெரியவர்கள் சொல்வது சரியல்ல. நாம் இடறி விழுந்த பள்ளத்தில் பிள்ளையும் விழ வேண்டுமா? 1982-ல் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையம் பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியர்களாக்கி நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது. அதுபோல் ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்துப் பட்டதாரிகளின் பட்டியலைத் தயாரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இளையவர்களுக்கு அவர்களைக் கொண்டு வழிகாட்டட்டும். கிராணிமார்களே! எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த பரம்பரை உங்களுடையது. இன்று பயிற்சி விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுங்கள்.

வேலை செய்தவனுக்குக் கூலி என்பது நமது சங்கங்களின் முதல் பாடம். பெரட்டுக் களத்தில் நிற்பவனுக்கு அது நியாயமென்றால், புத்தகப் பையோடு அலுவலகத்துக்குப் போகிறவனுக்கும் அதுவே நியாயம். இதை வரும் கிளைக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஒன்றுபட்டுக் கேட்போம்; பெற்றே தீருவோம்!