உடைந்த படகின் பலகைகள்

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறாயிற்று என்று பார்க்குமாறு திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கின்றது. இம்மாதம் எகிப்தின் கடற்கரை ஒன்றில் சற்றே நின்று பார்ப்போம்.

ரோமப் பெருங்குடி ஒன்றில் கி.மு. 106-இல் பிறந்தவன் பாம்பி. இருபது வயதுகளிலேயே படைத்தலைவனாகி வெற்றி ஊர்வலம் கண்டான். ‘மாக்னஸ்’, அதாவது ‘பெரியோன்’ என்னும் பட்டம் அவன் பெயரோடு ஒன்றிவிட்டது. கி.மு. 67-இல் மத்தியதரைக் கடலை அலைக்கழித்த கொள்ளையரை மூன்றே மாதங்களில் அடக்கினான். கி.மு. 63-இல் ஜெரூசலத்தைக் கைப்பற்றி, யூதரின் தலைமைக் குரு மட்டுமே நுழையத்தக்க ஆலய உள்ளறையிலும் காலடி வைத்தான். கி.மு. 61-இல் அவனது மூன்றாம் வெற்றி ஊர்வலம், பிறந்த நாளையொட்டி, இரண்டு நாட்கள் நடந்தது.

ஜூலியஸ் சீஸரின் மகள் ஜூலியாவை மணந்து, அவனுக்கு மருமகனானான். கி.மு. 54-இல் அவள் பிரசவத்தில் இறந்தாள். உறவு தளர்ந்தது, முதலிடத்தை நாடிய இருவரும் பகைவராயினர். கி.மு. 48-இல் பார்சேலஸ் போர்க்களத்தில், பாம்பியின் பெரும்படை சீஸரின் சிறுபடைக்கு முன் சிதறிப்போயிற்று.

எகிப்திய மன்னனின் தந்தை, இழந்த அரியணையை மீண்டும் பெறத் துணைநின்றவன் பாம்பி. அந்நன்றியை நம்பி எகிப்துக்குக் கப்பலேறினான். பாலகனான மன்னனைச் சூழ்ந்திருந்தோரோ, வென்றவனின் தயவையே நாடினர். வரவேற்பதாகச் சொல்லிச் சிறுபடகு ஒன்றை அனுப்பினர். அதில் வந்தவருள் செப்டிமியஸ், முன்பு பாம்பியின் கீழ்ப் பணியாற்றியவன். கரையிறங்க எழுந்தவனை முதலில் குத்தியவன் அவனே! மனைவி கொர்னேலியா கப்பலில் நின்று கண்டு கதறினாள். மறுநாள் அவனுக்கு ஐம்பத்தெட்டாவது பிறந்த நாள்.

தலையைக் கொய்துகொண்டு உடலைக் கரையில் எறிந்தனர். உடன்சென்றவருள் பிலிப் என்பவன் மட்டும் அவ்வுடலை விட்டு அகலவில்லை. பாம்பியால் விடுதலை பெற்ற அடிமை அவன். கடல்நீரால் உடலைக் கழுவித் தன் அங்கியைப் போர்த்தினான். உடைந்த மீன்பிடிப் படகொன்றின் பலகைகளைப் பொறுக்கி, அவர்கள் வழக்கப்படி எரியூட்டினான் என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

வென்ற சீஸரேனும் நிலைத்தானா? கி.மு. 44-இல், பாம்பி கட்டிய மண்டபத்திலேயே, பாம்பியின் சிலையடியில் குத்துண்டு மடிந்தான்!

‘பெரியோன்’ என்ற பட்டமும் மூன்று ஊர்வலங்களும் அன்று கரைக்கு வரவில்லை. விடுதலை செய்யப்பட்ட ஒருவனே வந்தான். அல்லாஹ்வே மிகப் பெரியவன் என்று நாள்தோறும் ஐவேளை பாங்கொலி கேட்கும் நாம், நம் கடைச் சிப்பந்தியிடமும், வீட்டு வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணிடமும் எத்தனை பெரியவராய் நடந்து கொள்கிறோம்? நாளை நம்மைக் குளிப்பாட்டிக் கபனிடும்போது, அவர்கள் வாயிலோரம் நின்று மனமாரக் கண்ணீர் சிந்துவார்களா? இக்கேள்விக்கு விடை தேடும் காலம் உடலில் உயிர் உள்ள காலமே.

பெருமை கொள்ளாத உள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.