பலகை மேல் ஒரு பாடசாலை

உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கின் பக்கம், அஸர் தொழுகைக்குப் பின், சக்கரப் பலகையில் ஏறி விழுந்து எழுந்துகொண்டிருந்த சிறுவர்களைக் கண்டு, "படிக்கிற வயதில் இது என்ன வேலை?" என்று உடன் வந்த பெரியவர் வருந்தினார். பிள்ளைகளின் கல்வி ஓர் அமானிதம் என்ற பொறுப்புணர்விலிருந்து பிறந்த வருத்தம் அது. ஆயினும் அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

சக்கரத்துக்கு இரண்டாக அப்பலகையில் எட்டு பேரிங்குகள் உள்ளன. அவற்றைக் கழற்றித் துடைத்து எண்ணெயிடும் பிள்ளை, உராய்வு என்னும் பாடத்தைக் கையாலேயே படிக்கிறான். முழங்காலை மடக்கினால் ஏன் விழாமல் நிற்கிறோம் என்று அவன் கேட்கும்போது ஈர்ப்பு மையத்தைப் பற்றிப் பேசலாம். அரைச்சுற்று 180, முழுச்சுற்று 360 என்று அவர்கள் கூவுவது வடிவியல் அல்லாமல் வேறென்ன? கடலில் அலையில்லாத நாள்களில் தரையிலே அலைச்சறுக்கு ஆட விரும்பிய கலிபோர்னிய இளைஞர்கள் 1950களில் வளர்த்த விளையாட்டு இது. கடலோரத்தில் வாழும் நமக்கு அந்த ஏக்கம் எளிதில் புரியும்.

ஆனால் மதிப்பெண்ணுக்காக மட்டும் நான் வாதிடவில்லை. 2007இல் காபூலுக்குச் சென்ற ஆஸ்திரேலியர் ஆலிவர் பெர்கோவிச், தெருவில் திரிந்த பிள்ளைகளுக்குப் பலகை கொடுத்துத் தொடங்கிய முயற்சி, சறுக்குதளமும் வகுப்பறையும் இணைந்த 'ஸ்கேட்டிஸ்தான்' பள்ளியாக வளர்ந்தது. முக்காட்டின் மேல் தலைக்கவசம் அணிந்து சறுக்க வந்த சிறுமியர், எழுத்தும் எண்ணும் கற்று அரசுப் பள்ளிகளில் சேர்ந்தனர். 2021இல் ஆட்சி மாறியபின் அச்சிறுமியரின் சறுக்கு நின்றது; ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளியும் நின்றது. இரண்டும் ஒன்றாகவே பறிபோனதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்து ஜன்வார் கிராமத்தில் 2015இல் அமைந்த சறுக்குதளத்தின் விதிகள் எனக்குப் பிடித்தவை: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம்.

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். அவ்வாறிருக்க, நம் மகள்களுக்குத் தளர்வான ஆடையும், அவர்களுக்கென ஒரு தனி நேரமும் ஏற்பாடு செய்ய நமக்கு ஏன் இத்தனை தயக்கம்? மகன் விழுந்தால் "எழுந்திரு" என்கிறோம். மகள் விழுந்தால் "போதும், வீட்டுக்கு வா" என்கிறோம்.

என் மகளும் பலகை கேட்டிருக்கிறாள். தலைக்கவசமும் முழங்கால் உறையும் வாங்கியாகிவிட்டது. பலகை, ஜன்வார் விதிப்படி, அரையாண்டுத் தேர்வுக்குப் பின்னர், இன்ஷா அல்லாஹ்.