ஆற்றில் தூண் நிற்கலாம், ஆள் நிற்கக் கூடாதா?

சென்னை வரைபடத்தில் சிந்தாதிரிப்பேட்டையைத் தேடினால், கூவம் வளைந்து ஓடும் மடிக்குள் அது உட்கார்ந்திருக்கும். 1734-ல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த இந்த இடத்தில்தான் நெசவாளர்களுக்குப் பேட்டை அமைத்தார். சின்னத் தறிப் பேட்டை என்ற பேரே காலப்போக்கில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், வெளுப்பவர் எல்லாரும் வந்தார்கள். சாயத்துக்கும் வெளுப்புக்கும் தண்ணீர் வேண்டும். கிழக்கிந்தியக் கும்பினிக்குத் துணி தேவைப்பட்டபோது, ஆற்றோரத்துக்கு ஆளைக் கூப்பிட்டுக் குடிவைத்தது அதிகாரம்.

இன்று கூவக்கரையில் குடிசை போட்டிருப்பவருக்கு அதே அதிகாரம் வைத்திருக்கும் பெயர் ஆக்கிரமிப்பாளர். ஆற்றைச் சீரமைக்கப் பல குடியிருப்புகள் காலி செய்யப்பட்டு, குடும்பங்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அந்த இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியதுதான். மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற வாதம் பாதி வழியிலேயே நனைந்துவிடுகிறது.

கரை விளிம்பில் வாழ்வது ஆபத்து என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஆற்றை மறித்து நிற்கக் கூடாது என்ற விதி கான்கிரீட்டுக்கு ஏன் இல்லை? மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலச் சாலைக்காகக் கூவத்தில் தூண்கள் எழும்பின. அவை நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லி 2012-ல் மாநில அரசே பணியை நிறுத்தியது. பாதித் தூண்கள் ஆண்டுக்கணக்கில் ஆற்றிலேயே நின்றன. 2022-ல் ஈரடுக்குச் சாலையாக அதே திட்டத்துக்கு மறுபடி அடிக்கல்.

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் வந்தாக வேண்டும். அரிவாள்மனை முன் உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுக்கும் பெண் பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? வீடு கொடுத்தோம் என்று கணக்கு எழுதுகிறவர்கள், அவர் இழக்கும் அன்றாடக் கூலியை எந்தப் பத்தியிலும் எழுதுவதில்லை.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், ஆரம்ப ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டியது. வாரியத்தின் பெயர் மாறிவிட்டது. அந்த வழக்கம் ஏன் மாற வேண்டும்? நகருக்குள் வாரியத்தின் பழைய அடுக்குமாடிகள் இடித்துக் கட்டப்படுகின்றன. அங்கே கூடுதலாக எழும் வீடுகளில் முதல் உரிமை கூவக்கரைக் குடும்பங்களுக்கு என்று அரசு ஆணையிடட்டும். அதுவரை இன்னொரு குடும்பத்தைக்கூட லாரியில் ஏற்றக் கூடாது.